ஒரு மாதம் ‘வராத’ பாவாயி

கோணல் தாடையை நேராக்கும் தொழிலில் வெட்டுவதும் கட்டுவதும் டாக்டர் பாடு; வெளியே வந்து சண்டை போடுவது என் பாடு. இந்தத் தடவை அநியாயம் நடந்தது பாவாயிக்கு. காப்பித் தோட்டத்துக்குத் தினமும் வேலைக்கு வந்து நின்றவளை, வாய் திறந்து பதில் சொல்லவில்லை என்று ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ‘வரவில்லை’ என்று எழுதினார். மெட்ராஸில் மருத்துவம் படித்துக்கொண்டு, விடுமுறைக்கு ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் நோயாளி விவரம் எழுத வந்தவள் நான். எனக்குப் பொறுக்குமா? வாதாடியே பேர் கெட்டவர்களே, உங்களுக்குத்தான் பொறுக்குமா?

மீதிக் கம்பி

பாவாயி எப்போதோ சரிவில் கூடையோடு விழுந்து தாடையை உடைத்துக்கொண்டவள். எலும்பு தானாகக் கூடியது, கோணலாக. களியை விழுங்குவாள், எதையும் மெல்ல முடியாது. டாக்டர் எலும்பை வெட்டி நேராக்கி, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார். ஆறு வாரம் கஞ்சித் தண்ணிதான், பேச்சு கிடையாது. ‘இரண்டு வாரத்தில் வேலைக்கு அனுப்பினால் எப்படி?’ என்று நான் ஆரம்பித்ததும் டாக்டர் திரும்பினார்: “கம்பி கொஞ்சம் மீதி இருக்கு, உனக்கு வேணுமா?”

சடையன் பெரிய மனுஷனானது

மஞ்சக்குட்டை சடையனுக்கு மாடு உதைத்துத் தாடை விலகியது. அவருக்கும் அதே கம்பி. வீட்டுக்குப் போனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் கத்த, இவர் மட்டும் பேசாமல் தலையாட்ட, ‘இவர்தான் நிதானஸ்தர்’ என்று தீர்ப்பையே இவரிடம் விட்டுவிட்டார்கள். கம்பியை அவிழ்க்க வந்த அன்று அவர் பெண்சாதி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள்: “அவுக்காதீங்க சாமி, பேசுனா அத்தனை மருவாதியும் போயிருமுங்க!”

பனியில் ஒரு பொய்

வாயை மூடிய ஆண் பெரிய மனுஷன்; வாயை மூடிய பெண் வராதவள்! கொதித்துப்போய் எஸ்டேட்டுக்கு நடந்தேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எதிரே நிற்பது ஆளா மரமா என்று தெரியாத பனி. ரைட்டர் தலை நிமிராமல் கூப்பிடுவார். “வந்தேனுங்க” என்று குரல் கேட்டால் புள்ளி வைப்பார். பாவாயியின் ‘ம்ம்’ செல்லாது. எருமைகூட முனகுமாம். மாசக் கடைசிக்குள் குரல் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார். பேர் போனால், எஸ்டேட் கொடுத்து அவள் குடியிருக்கும் லைன் வீடும் போகும்.

டாக்டரின் சீட்டை நீட்டினேன். “சீட்டு பேசுமாங்க?” என்றார் ரைட்டர். மறுநாள் பாவாயியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, அவள் பேர் வந்ததும் நானே, “வந்திருக்கிறேன் ஐயா!” என்றேன். அப்போதும் ரைட்டர் நிமிரவில்லை: “நம்ம பாவாயி எப்பங்க அம்மிணி காலேஜுக்குப் போனா?”

முடிவு

மாசக் கடைசிக்கு முதல்நாள் கம்பி அவிழ்ந்தது. பல்லோடு பல் பொருந்தியிருந்தது. ஆரஞ்சுச் சுளையை நேராகக் கடித்து, சாறு வழியச் சிரித்தாள். மறுநாள் பெரட்டுக்கு நானும் போனேன்.

“பாவாயி!”

பதில் இல்லை.

“ஏய், பாவாயி!”

இல்லை. தாடை பூட்டிக்கொண்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பேரை அடிக்கப் பேனாவை எடுத்த ரைட்டர், என்னதான் ஆச்சு என்று ஒரு மாதத்தில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். அதற்காகவே காத்திருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். பேரும் பிழைத்தது, வீடும் பிழைத்தது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ‘முடிவு’ என்ற கட்டத்தில் ‘குணம்’ என்று எழுதுவதுதான் முறை. நான் பாவாயி சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன்:

“நா ஒரு மாசமா வந்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன், நீங்கதான் இன்னைக்கு வந்துருக்கறீங்க!”