நாற்பது பை மண்

அந்த மண் பரிசோதகர் வேலையில் சேர்ந்து இருபது வருடம் குப்பை கொட்டியவர். சுரங்கம் தோண்டி மூடிய நிலம் இனிப் பயிருக்கு ஆகுமா என்று பார்க்க, வரைபடத்தில் குலுக்கல் முறையில் நாற்பது புள்ளி குறித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நடந்து போய் மண் எடுக்க வேண்டும். துரை நடப்பாரா? ஜீப்பை விட்டு இறங்கியதும், கம்பெனி வாசலில் பூச்செடிக்குக் கொட்டியிருந்த வண்டலை அள்ளி நாற்பது பையில் போட்டு, ஒன்று முதல் நாற்பது வரை எண் எழுதிவிட்டார்.

"எல்லாம் ஒரே மண்ணா இருக்கே சார்?" என்று ஆய்வகத்து அம்மா கேட்டாள்.

"நிலம் அவ்வளவு சீராத் திருந்தியிருக்கும்மா" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நிலம் அருமை என்று அவர் கையெழுத்தோடு அறிக்கை போனது.

அறிக்கையில் மாமனாரின் கையெழுத்தைப் பார்த்து, பரிசோதகரின் மாப்பிள்ளை அங்கேயே ஐந்து ஏக்கர் வாங்கினான். இரண்டு போகமும் கருகிப் போயின. மகள் அழுத பிறகு, மனிதர் அதே வரைபடத்தோடு வெயிலில் நாற்பது புள்ளிக்கும் நடந்து, மூச்சிரைக்க வந்து பைகளை ஆய்வக மேஜைமேல் வைத்தார்.

ஆய்வகத்து அம்மா பையைத் தொடவே இல்லை.

"இந்த நாற்பது இடமும் பிரமாதம்னு போன வருஷமே எழுதிட்டீங்களே சார். மறுபடி எதுக்கு வீணா நடந்தீங்க?"