ஒப்புதலைத் திரும்பப் பெற்ற நாள்

சபையாரே, செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று மைசூரு கோர்ட்டில் என் வாயாலேயே சொன்னவள் நான். அந்தக் குழியிலிருந்து கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நான் நர்ஸ். நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில், பூட்டி வைத்திருந்த வலி தணிக்கும் ஊசி மருந்துகள் காணாமல் போயின. டியூட்டியில் இருந்தவள் நான். சாப்பிடப் போனபோது சாவியை டிராயரிலேயே விட்டிருந்தேன். வழக்கு என் மேல் வந்தது. புகார் கொடுத்த மேனேஜரே எனக்கு வக்கீலும் பிடித்துக் கொடுத்தார். அப்போதே உறுத்தியது. இவருக்கு என்ன அக்கறை?

“ஒத்துக்கோம்மா. அபராதத்தோட முடிஞ்சிடும், வேலையும் போகாது” என்றார் வக்கீல். ஜட்ஜ் கன்னடத்தில் கேட்டார். பயத்தில் ஒப்புக்கொண்டேன். தண்டனையை அடுத்த வாரம் சொல்வதாகத் தள்ளிவைத்தார்.

வெளியே மேனேஜரும் வக்கீலும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்டனை வந்தால் நர்ஸ் பதிவே ரத்தாகலாம் என்று கூட வேலை பார்த்தவள் சொல்லித்தான் தெரிந்தது.

அதன்பின் யாரையும் நம்பவில்லை. “அவங்க சொன்னபடியே முடிச்சிடலாமே” என்ற கணவரைக்கூட, இவரையும் மடக்கிவிட்டார்களோ என்று பார்த்தேன். ஜெபிக்க வந்த உங்களையும் வேவு பார்க்க வந்தவர்களாகவே நினைத்தேன். மன்னியுங்கள். “ஆண்டவரே, உம்மையும் நம்ப முடியவில்லை. உண்மை தெரிந்த ஒருவரையாவது அனுப்பும்” என்று அழுதேன்.

மூன்றாம் நாள் காலை, வார்டு துடைக்கும் சிவம்மா வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி. மேனேஜர் அனுப்பிய ஆள் என்று நினைத்து நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேசினாள்.

“அக்கா, நீங்க சாப்பிடப் போனப்ப மேனேஜரு சாவிய எடுத்துட்டுப் போனத நான் பாத்தனுங்க.”

“யார் உன்னைச் சொல்லச் சொன்னது?”

“ஆரும் இல்லீங்க. செய்யாதத நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு கேட்டதுல மனசு ஆறலீங்க. கோர்ட்டுல வந்து சொல்றனுங்க. வேல போனாப் போகுது.”

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே தாழ்ப்பாளை எடுத்தேன்.

அன்றே இலவச சட்ட உதவி மையத்தில் வேறு வக்கீல் கிடைத்தார். தண்டனை சொல்ல வேண்டிய நாளில், ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக மனு கொடுத்தோம். ஜட்ஜ் காரணம் கேட்டார். “வேலை போகாதுன்னு சொல்லி ஒத்துக்க வெச்சாங்க ஐயா. நான் எடுக்கல” என்றேன். மனுவை ஏற்று, வழக்கை விசாரணைக்கு எடுத்தார். சிவம்மா கூண்டில் நின்று, எவ்வளவு மடக்கியும் சொன்னதை மாற்றவில்லை. நான் விடுதலையானேன்.

இப்போது நானும் சிவம்மாவும் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறோம். நோயாளியின் படுக்கையருகே நின்று ஜெபிக்காமல் நான் எந்த வேலையையும் தொடங்குவதில்லை.

யாரையும் நம்ப முடியாமல் இங்கே உட்கார்ந்திருப்பவர்களே, அதையே அவரிடம் சொல்லுங்கள். சந்தேகத்தோடு நான் செய்த ஜெபத்துக்குத்தான் அவர் பதில் தந்தார்.