அருவிக்குப் பிறகு ஒரு மூடி பிராந்தி

குற்றாலத்தில் ஆண்கள் குடித்தால் அதற்குப் பெயர் சீசன். சாரல் விழுந்ததும் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய், வாயெல்லாம் வாடை, அருவிக்குக் கீழே நின்று மலையையே அதட்டுவார்கள். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. எண்பதுகளின் கடைசியில், தென்காசியில், எங்கள் சித்தி குடித்தாள். தெரு முழுக்கக் கூடி அவளுக்குப் பெயர் வைத்தது: குடிகாரி.

முதல் மூடியை ஊற்றிக் கொடுத்தவர் என் அப்பா. லாரி ஓட்டப் போன சித்தப்பா பம்பாயிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி, செத்து, வருஷம்கூடத் திரும்பவில்லை. சித்திக்கு இருமல் பிடித்தது. வெந்நீரில் பிராந்தி கலந்து குடித்தால் சளி கரையும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். சளி கரையவில்லை, சித்திதான் கரைந்தாள். சித்தப்பாவுக்கு வந்த அதே வாய்ப்புண், அவள் தன் கையால் துடைத்துவிட்ட அதே புண், இப்போது அவள் வாயில். சோறு இறங்காது. சாயங்காலமானால் காய்ச்சல். பிராந்தி இறங்கினால் கொஞ்சம் கண்ணயர்வாள். பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள். கொடுத்த வரைக்கும் மருந்து, கேட்டதும் குடி!

“அத்தான், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்கு” என்றாள் அப்பாவிடம்.

“குடிச்சா இருமத்தான் செய்யும். மொதல்ல தலையில தண்ணி விழட்டும், பித்தம் எறங்கட்டும். அப்புறம் பாப்போம்.”

பைத்தியத்தையும் போதையையும் அருவி அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது. அம்மா அவள் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். வாடகைக் கார் வந்தது. காய்ச்சலோடு கொண்டுபோய், பெண்கள் பக்கம், அருவிக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். தண்ணீராகவா விழுந்தது, கல்லாக விழுந்தது. நனைந்த சேலைக்குள் முதுகெலும்பு கணுக்கணுவாகத் தெரிந்தது.

பக்கத்தில் குளித்த சுரண்டை ஊர்க்காரி ஒருத்தி கத்தினாள்: “ஏட்டி, இவளுக்கு உதடு நீலம் பாய்ஞ்சிட்டுல்லா! வெளிய இழுங்கட்டி!”

“இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்” என்றாள் அம்மா.

வெளியே வந்தவள் நடுங்கி விழுந்தாள். மூச்சு இழுத்தது. அருவியில் குளித்து வருகிற ஆண்களுக்குக் குளிர் விட எதைக் கொடுப்பார்களோ அதையே அப்பா கொடுத்தார். காரில் வைத்திருந்த அவருடைய பாட்டிலிலிருந்து ஒரு மூடி.

“வேண்டாம் அத்தான்.”

“குடி. என்ன, புதுசாவா குடிக்கே?”

குடித்தாள். அப்படியும் மூச்சு அடங்காததால்தான் கார் ஆஸ்பத்திரிக்குப் போனது.

டாக்டர் குனிந்தார், மூக்கைச் சுளித்து நிமிர்ந்தார். “பொம்பளை குடிச்சிட்டு வந்து படுத்தா நான் என்னத்தைப் பாக்க? தெளிஞ்சதும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

“நானா குடிக்கலை சார். குடுத்தாங்க” என்றாள் சித்தி.

கம்பவுண்டர் சிரித்தார். “எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க, தாயி.”

டாக்டருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். போகிற போக்கில் அப்பாவைக் கேட்டார்: “இவ புருஷன் எங்க?”

“செத்துட்டான் சார். என் தம்பி.”

“எதுல செத்தான்?”

பம்பாயில் சித்தப்பாவின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இது எய்ட்ஸ், மனைவியையும் சோதித்தாக வேண்டும் என்று, அவரைக் கூட்டிவரப் போன அப்பாவிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் பெரியவளான பிறகு அம்மா வாயிலிருந்து வந்த சேதி இது. அந்த நோய்க்கு அன்று எங்கள் பக்கம் மருந்து கிடையாது, தெரியும். அதோடு ஒட்டிக்கொண்டு வந்து நெஞ்சைத் தின்ற காசநோய்க்கு இருந்தது. அதே கட்டடத்தில், இலவசமாக. குடியை நிறுத்தி அதை விழுங்கியிருந்தால் இன்னும் சில சாரலையாவது பார்த்திருப்பாள். அந்தச் சாரல் ஓயும் முன்பே செத்தாள். ஈரலைப் பிராந்தி தின்றது, மீதியை நோய் தின்றது. இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் ஆண்கள். குடிச்சே செத்தா என்றது தெரு.

“நெஞ்சுவலி சார்” என்றார் அப்பா.

பெஞ்சில் கிடந்த சித்தி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“சொல்லுங்க அத்தான்” என்றாள். மறுபடியும், “சொல்லுங்க.”

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

“எதைச் சொல்லச் சொல்லுதா?” என்று நான் அம்மாவைக் கேட்டேன்.

“போதையில உளறுதா” என்றாள் அம்மா.

அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.