கோர்ட்டு நூலகத்தில் தெரிந்த கெடு

வீட்டு வழக்கில் என் தங்கை தோற்றாள். இரண்டு மாதத்துக்குள் அப்பீல் செய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தீர்ப்பு வந்தது ஆனி பதினொன்று. எங்கள் ஊர் வழக்கப்படி, தமிழ் மாதம் பார்க்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில், ஆவணி பதினொன்று கெடு என்று டைரியில் குறித்துக்கொண்டேன்.

ஆவணி எட்டாம் தேதி தீர்ப்பு நகல் வாங்கக் கோர்ட்டுக்குப் போனேன். நகல் வரும்வரை அங்குள்ள சட்ட நூலகத்தில் உட்கார்ந்தேன்.

"வாரும் வே. இன்னைக்கு வந்தது நீரு ஒராளுதான். ஆளு வரல்லேன்னு இத பூட்டப் போறாவளாம்" என்றார் நூலகப் பொறுப்பாளர்.

டைரியைக் காட்டி, அப்பீலுக்கு மூன்று நாள் இருப்பதாகச் சொன்னேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

"ராஜா ஆட்சி போயி திருக்கொச்சி ராஜ்யம் ஆனப்பெறவு இங்கிலீஷ் மாசந்தான் வே கணக்கு. ஆனியும் ஆடியும் நீளம்; ரெண்டும் சேந்தா இங்கிலீஷ் ரெண்டு மாசத்த விட ரெண்டு நாளு கூடுதல். ஒம்ம கெடு நாளையோட தீருது. இவ்வளவு டைரி எழுதி என்ன பிரயோசனம்?"

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நகல் கைக்கு வந்ததும் வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் அப்பீல் பதிவானது. வழக்கு இன்னும் முடியவில்லை. தங்கை அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

இப்போது டைரியில் இரண்டு தேதிகளையும் எழுதுகிறேன். டவுனுக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் சற்று நேரம் படித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வருகிறேன். கோர்ட்டுக்குப் போகும் வாசகர்களும் அந்த அறைக்குள் ஒருமுறை நுழைந்து வாருங்கள். ஆள் வரும் அறையைப் பூட்ட யாருக்கும் மனம் வராது.