பிறத்தியார் வண்டி

அன்று காலை திருத்தணி ஸ்டேஷன் வாசலில், வண்டி ஸ்டேண்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், பையும் பெட்டியுமாக என் மகள், ஸ்டேண்டுக்காரர், சாமி கும்பிட வந்த ஒரு வெளியூர்ப் பெண், அவள் மடியில் தூங்கிய குழந்தை. அன்று கிருத்திகை. அந்தப் பெண்ணின் புருஷன் வண்டியை ஹேண்டில் லாக் போட்டு நிறுத்திவிட்டு, சாவியோடு மலைக்குப் போயிருந்தான். அதேபோல் பூட்டிக் கிடந்த இன்னும் பல வண்டிகளுக்குப் பின்னால், சுவரோரமாக என் வண்டி மாட்டிக்கொண்டிருந்தது.

மகளுக்குப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்திருந்தது. அன்று மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து வெளியூர் வேலைக்குப் போகிறவள் அவள்தான். லோக்கல் ட்ரெயினில் அரக்கோணம் போய், அங்கே பெங்களூர் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். நான் எதற்கும் பயப்படுகிற ஆள். வேண்டிய நேரத்துக்கு ரொம்ப முன்பே வந்துவிட்டோம். ஆனால் வழியில் ஏதோ கோளாறு, லோக்கல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கிருத்திகைக் கூட்டத்தில் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் மலையடிவாரத்தில். பைக்கில் போய்விடலாம் என்று ஸ்டேண்டுக்குத் திரும்பி ஓடி வந்தால், என் வண்டியை அசைக்கக்கூட இடமில்லை.

அந்த ஸ்டேண்டில் தினசரி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஹேண்டில் லாக் போடக் கூடாது, சாவியையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் ஸ்டேண்டுக்காரர் வண்டிகளை நகர்த்தி, நெருக்கி, அந்தக் குறுகிய இடத்தில் எல்லாரையும் அடக்க முடியும். நான் அம்பத்தூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், சாவியைக் கொடுத்துவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். "இன்னாப்பா, உன் வண்டி அழுவுதான்னு பாக்க வந்தியா? அத்த எவனாவது தூக்கினு போனா, அவனுக்கு நானே பெட்ரோல் போட்டு அனுப்பறேன், போ" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நாளடைவில் நானும் பயமில்லாமல் கொடுக்கப் பழகிவிட்டேன்.

அன்று அவர் சிரிக்கவில்லை. வெளியூர்க்காரர்களின் வண்டி ஒன்றை நானும் அவரும் தூக்கிப் பார்த்தோம். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடித்தது. மகள், "நைனா, டைம் ஆவுது" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த ஒரு சாவியை எடுத்து என் கையில் திணித்தார். வாசலோரம் நின்ற ஒரு குமாஸ்தாவின் வண்டி. அவர் திருவள்ளூரில் வேலை பார்க்கிறவர், சாயந்திரம்தான் வருவார்.

"வேணாண்ணா, பிறத்தியார் வண்டி."

"நான் பாத்துக்கறேன். பொண்ணு வாழ்க்கப்பா. பேசிக்கினு நிக்காத, போ."

அரக்கோணம் போகும் வரை எனக்கு வண்டியைப் பற்றித்தான் நினைப்பு. ஒரு கீறல் விழுந்தால் என்ன சொல்வது, போலீஸ் மடக்கினால் யார் வண்டி என்பது. அரக்கோணம் ஸ்டேஷன் பக்கம் வந்தபோது எக்ஸ்பிரஸ் வருவதாக மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நீ முன்னாடி ஓடு, நிறுத்திட்டு வரேன்" என்று மகளை அனுப்பினேன். டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அங்கே ஸ்டேண்டு நிரம்பி வழிந்தது. "சாவியக் குட்த்துட்டுப் போ, நகத்தி வுட்டுக்கறேன்" என்றான் அங்கிருந்தவன். என் வண்டியாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். இன்னொருவர் சாவியை முகம் தெரியாதவன் கையில் எப்படிக் கொடுப்பது? வெளியே ஒரு கடையோரம் இடம் தேடிப் பூட்டிவிட்டு, படி ஏறி இறங்கி ஓடினேன். மகள் ரயில் பெட்டியின் கதவருகில் கீழேயே நின்றிருந்தாள். டிக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது என்று நான் சொல்லி வளர்த்த பிள்ளை. நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடும்போதே ரயில் நகர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். அடுத்த ரயிலில் வந்தால் நேரம் தாண்டிவிடும், காத்திருக்க முடியாது என்றார்கள். மகள் அழவில்லை. தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துவிட்டு வந்தோம், அங்கே இப்போது வர மாட்டேன் என்று மணவூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் மட்டும் திருத்தணி திரும்பினேன். சாயந்திரம் வர வேண்டிய குமாஸ்தா காய்ச்சலோடு முன்பே வந்து ஸ்டேண்டில் நின்றிருந்தார். "யாரக் கேட்டுக் குடுத்த? உங்கப்பன் வண்டியா?" என்று கத்திக்கொண்டிருந்தார். "நான்தான் சார் குட்த்தேன். அவர் கேக்கல" என்று மட்டும் சொன்னார் ஸ்டேண்டுக்காரர். நான் குமாஸ்தாவிடம் சாவியை நீட்டினேன். அவ்வளவு திட்டுக்கு நடுவிலும் ஸ்டேண்டுக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ரயிலைப் பிடித்துவிட்டாளா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. நான் தலை குனிந்து வெளியே வந்துவிட்டேன். ரயில் போய்விட்டதை அவரிடம் பிறகும் சொல்லவே இல்லை.

விஷயம் ரயில் பெட்டிகளில் பரவியது. முதலில் குமாஸ்தா வேறு இடம் பார்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகச் சாவியைத் தங்களோடு எடுத்துப் போனார்கள், ஹேண்டிலைப் பூட்டினார்கள். நகர்த்த முடியாத வண்டிகளை வைத்து அந்தச் சின்ன இடத்தில் ஸ்டேண்டுக்காரரால் என்ன செய்ய முடியும்? பாதிப் பேரால்கூட வண்டி நிறுத்த முடியவில்லை. குத்தகைப் பணம் தேறாமல் விட்டுவிட்டுப் போனார். இப்போது அங்கே கேமரா இருக்கிறது, மெஷின் சீட்டு கொடுக்கிறது. என் வண்டி பத்திரமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மகளோடு போனேன். மண்டப வாசலில் தொப்பியும் விசிலுமாக வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்றவர் அந்த ஸ்டேண்டுக்காரர்தான். அவர் என்னைவிட முதலில் அவளைத்தான் அடையாளம் கண்டுகொண்டார்.

"பாப்பா! பெங்களூர்லருந்து எப்ப வந்த?"

திருத்தணி பஜாரில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கும் என் மகள், பின்சீட்டிலிருந்து இறங்கி அவர் முன்னால் நின்றாள்.

"நேத்துதான் பெரியப்பா. கல்யாணத்துக்குன்னு லீவு போட்டுகினு வந்தேன்."

"ஆங், நல்லா இரும்மா" என்றவர், விசிலை ஊதி, உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு பெரிய காரை நிறுத்திவிட்டு எங்களுக்கு வழி விட்டார்.