நாணல் பிடுங்கிய ஞாயிறுகள்

இன்று சந்தையில் பூக்காரர் கொட்டிய வாளித் தண்ணீரில் அழுகிய நாணலின் வாடை வந்தது. தொண்ணூறுகளில், வேலையில்லாத ஞாயிறுகளில், எங்கள் ஆட்கள் இத்தாலியின் பலேர்மோ நகருக்கு மேலே மலையிலுள்ள ஏரியைச் சுத்தமாக்கத் தொண்டாகப் போய், யாழ்ப்பாணத்தில் கிணறு துப்புரவாக்கிய பழக்கத்தில், அதில் விழும் ஓடையின் வாயிலிருந்த நாணலையெல்லாம் வேரோடு பிடுங்கினார்கள். தண்ணீர் எவ்வளவு தெளிந்ததென்று பார்க்க, அப்பா கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை ஏரிக்குள் இறக்குவார். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை நான் தேதியிட்டுப் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவேன். வாரத்துக்கு வாரம் தட்டு சீக்கிரமாக மறைந்தது.

"ஓடைத் தண்ணியின்ர ஊத்தையை வடிச்சதே நாணல்தானாம். கிணறெண்டு நினைச்சியளோ அண்ணை?" என்று, கரையில் ஆடு மேய்த்தவரிடம் கதைத்துவிட்டு வந்த, எங்களோடு நாணல் பிடுங்கிய மரியா அன்ரி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"திருப்பி நடுவம்," என்றார் அப்பா.

நட்டதை முதல் மழையே அடித்துக்கொண்டு போனது. கொப்பியின் கடைசித் தேதிக்கு எதிரே ஆழம் இல்லை. அந்த மழைக்கு அடுத்த ஞாயிறு அது; அன்று அப்பா தட்டை இறக்கவில்லை.