நண்டு மூச்சு

நண்டு ஆலையின் மேலாளர் கார்ல் பட்ஜெல் பேனாவின் மூடியைத் திறந்தார். தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு மூடியை மாட்டி, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"முடியாது வெர்னா. வேற என்ன வேணும்னாலும் கேளு, செய்யறேன்."

வெர்னா டிசார்ட் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நண்டுப் படகுகள் துறையில் வந்து கட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் படிப்புக்கான விண்ணப்பம் போயாக வேண்டும்.

"உன் ஆலைக்குள்ள வந்து பார்க்க அனுமதி, அவ்வளவுதானே கார்ல். படிப்புக்காகக் கேக்கறாங்க."

"அதான் வேண்டாங்கறேன். உள்ள வருவ. பார்ப்ப. பார்த்ததை எழுதுவ. அதைப் படிச்சவன் இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வருவான். அப்புறம் ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் எங்க வேலைக்குப் போவாங்க? உன் கிளினிக்குக்கா?"

"அங்க இப்பவே வந்துட்டுதான் இருக்காங்க. மூச்சு விட முடியாம."

கார்ல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். வெர்னா தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடகரையில் ஸ்கில்லெட் கோவ் என்ற அந்த ஊருக்கு டாக்டர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதாவது ஒருவர் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்றபடி எல்லாம் வெர்னாதான். நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதும் உரிமை பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர். பிரசவ வலி, தூண்டில் முள் குத்திய விரல், கிழவர்களின் சர்க்கரை என்று எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. நண்டு மட்டும்தான் அவளை வருடா வருடம் தோற்கடித்தது.

வசந்தத்தில் ஆலை திறக்கும். கொதிக்கும் தொட்டிகளிலிருந்து ஆவி எழும்பும், ஓடு உடைக்கும் மேசைகளைச் சுற்றி ஈரப்புகை நிற்கும். சில வாரங்களில் கிளினிக் வாசலில் இருமல் கேட்க ஆரம்பித்துவிடும். ஆலை மூடினால் இருமலும் போய்விடும். ஊரில் அதை நண்டு மூச்சு என்பார்கள், ஏதோ பருவகாலச் சளி மாதிரி. வெர்னா இன்ஹேலர் எழுதித் தருவாள். அடுத்த வருடம் அதே ஆள் இன்னும் கொஞ்சம் மோசமாக வந்து நிற்பார்.

போன வருடம் கார்லண்ட் ஃபட்ஜ் என்ற தொட்டிக்காரர் இனி முடியாது என்று தொழிலாளர் நஷ்டஈட்டு வாரியத்துக்கு எழுதிப் போட்டார். இது வேலையால் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று வாரியம் கேட்டது. ஆதாரம் எப்படிச் சேர்ப்பது, எதை எப்போது அளப்பது என்று வெர்னாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மனு தள்ளுபடி ஆனது. கார்லண்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆல்பர்ட்டாவில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தப் படிப்பைத் தேடிப் பிடித்தாள். நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கான, தொழிலாளர் உடல்நலம் பற்றிய முதுநிலைச் சான்றிதழ். பாடமெல்லாம் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு தொழிற்கூடத்துக்குள் நின்று பயிற்சி பெற வேண்டும், அதன் நிர்வாகம் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் ஊரில் இருந்த தொழிற்கூடம் ஒன்றே ஒன்றுதான்.

மாலைக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வாயில் புகுந்து வரும்போது அது வேறு உருவத்தில் இருந்தது. வெர்னா ஆலையை மூடச்சொல்லி கவர்மென்ட்டுக்கு எழுதுகிறாளாம். கடையில் டின் பால் வாங்கப் போனாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ரொட்டி அலமாரிப் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

"வழி விடுங்கப்பா, இன்ஸ்பெக்டரம்மா வராங்க!"

யாரோ சிரித்தார்கள். வெர்னா காசை வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கெட்டிலை வைப்பதற்குள் பின்கதவு திறந்தது. அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. அண்ணன் ரோலன்டின் மனைவி யூனிஸ் பூட்ஸை உதறிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றாள். இருபது வருடமாக ஓடு உடைக்கும் மேசையில் நிற்பவள்.

"என்ன வெர்னா, எங்க வாயில மண்ணள்ளிப் போடணும்னு எத்தனை நாளா நினைச்சிட்டிருந்த?"

"உக்காரு யூனிஸ். டீ போடறேன்."

"உன் டீ உனக்கு. உனக்கு மாசம் பிறந்தா சம்பளம் வருது. எனக்கு நண்டு சீசன்ல வேலை மணிக்கணக்கு சேர்ந்தாத்தான் குளிர்காலத்துல கவர்மென்ட் உதவிப்பணம். சேரலைன்னா? உங்க அண்ணன் முதுகு இருக்கிற லட்சணத்துக்கு அவரா படகுல போவாரு?" அவள் நிறுத்தினாள். இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். முடிவில் ஒரு மெல்லிய விசில் கேட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"சளி."

"போன வருஷமும் சளின்னுதான் சொன்ன. இந்தக் குழாய்ல ஒரு தடவை ஊது. மூச்சு எவ்வளவு வேகமா வருதுன்னு காட்டும். அவ்வளவுதான்."

வெர்னா நீட்டிய பிளாஸ்டிக் குழாயை யூனிஸ் தொடவில்லை. "ஊதினா நீ எழுதுவ. எழுதினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் மூச்சு, நான் பார்த்துக்கறேன் கண்ணு. நீ உன் படிப்பைப் பாரு." பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மதியம் கிளினிக் போன் அடித்தது. கார்லின் குரல். அவர் குரல் அப்படிக் கேட்டு அவள் பழகியதில்லை.

"சீக்கிரம் வா. யூனிஸ்."

வெர்னா பையையும் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தாள். ஆலையின் தரை நனைந்து வழுக்கியது, ஆவியில் முகங்கள் தெரியவில்லை. ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் யூனிஸ் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைகளில் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி இறங்க, கண்கள் மட்டும் பேசின. உதடு நீலம்.

"வெளிய தூக்குங்க! இந்தப் புகைல வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

கார்ல் ஒரு பக்கமும் ஒரு தொட்டிக்காரர் ஒரு பக்கமுமாகத் தூக்கி ஐஸ் அறைப் பக்கத்து வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். வெர்னா முகமூடியை மாட்டி மருந்துப் புகையை விட்டாள். தொடையில் ஊசி போட்டாள். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவள் உறைந்து போனாள். விசில் இல்லை. சத்தமே இல்லை. மற்றவர்களுக்கு அது தேவலையாகிவிட்டது போலத் தோன்றியிருக்கும். காற்றே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னைப் பாரு யூனிஸ். என்னை மட்டும் பாரு. மெதுவா வெளிய விடு. இன்னும். நல்லா."

இரண்டாவது ஊசி. ஆம்புலன்ஸ் வந்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி சாலையை விழுங்கியிருந்தது. காட்டுமான் குறுக்கே வந்தால் தெரியாது. டிரைவர் ஊர்ந்துதான் போனார். வெர்னா பின்னால் மண்டியிட்டு முகமூடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அந்த விசில் திரும்ப வந்தது. காற்று மறுபடி போகத் தொடங்கியிருந்தது.

யூனிஸின் உதடு அசைந்தது. வெர்னா காதைக் கொண்டுபோனாள்.

"நண்டுன்னு... எழுதாத."

"எழுதாம இருக்க மாட்டேன்" என்றாள் வெர்னா. "கோவிச்சுக்கறதுன்னா கோவிச்சுக்கோ. உயிரோட இருந்து கோவிச்சுக்கோ."

மறுநாள் காலை யூனிஸ் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி நடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியை விரித்து வெர்னா விண்ணப்பத்தை முடித்தாள். நிர்வாகத்தின் சம்மதம் என்ற இடத்தில், கேட்டேன், மறுத்துவிட்டார்கள், எங்கள் ஊரில் வேறு தொழிற்கூடம் இல்லை என்று எழுதினாள். தள்ளிவிடுவார்கள் என்றே நினைத்தாள். அனுப்பினாள்.

தள்ளவில்லை, நேர்காணலுக்கு அழைத்தார்கள். திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஆலை நிர்வாகம் ஒத்துக்கலை. ஊரும் உங்க மேல கோவமா இருக்கு. இந்தப் படிப்பை முடிச்சு என்னங்க செய்வீங்க?"

தயாரித்து வைத்திருந்த பதிலை வெர்னா ஒதுக்கிவைத்தாள். "ஆலையை மூடணும்னு எனக்கு ஆசை இல்லைங்க. எங்க அண்ணன் வீடே அதுலதான் ஓடுது. ஆனா இப்ப எனக்குத் தெரிஞ்சது இன்ஹேலர் எழுதறது மட்டும்தான். அவங்களைத் தேத்தி, அதே புகைக்குள்ள திரும்ப அனுப்பறேன். ஆவியை எங்க உறிஞ்சி எடுக்கணும், யாரை எந்த மேசைக்கு மாத்தணும், வாரியத்துக்கு எதை அளந்து காட்டணும், ஒண்ணும் தெரியாது. தெரியாம இன்னொரு சீசன் என்னால முடியாதுங்க."

மூவரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். தகவல் சொல்கிறோம் என்றார்கள். திரை அணைந்தது.

யூனிஸ் ஊர் திரும்பியபோது வெர்னாவோடு பேசவில்லை. நகரத்து நிபுணர் தோலில் பரிசோதனை செய்து, நண்டு ஆவிதான் காரணம், இனி ஆலைக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அண்ணன் வந்து மருந்து வாங்கிப் போனார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஒரு நாள் சாயங்காலம் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு யூனிஸே வந்தாள்.

"அந்த ஊதற குழாய் எத்தனை வெச்சிருக்க?"

"ஏன்?"

"மேசையில எனக்கு எதிர நிப்பாளே ஹில்டா, நேத்து ராத்திரி பூரா உக்காந்துக்கிட்டே தூங்கியிருக்கா. அவ பொண்ணு சொன்னா. நானும் அப்படித்தான் தூங்கினேன், உங்க அண்ணனுக்கே தெரியாம. நீ கேட்டா எவளும் ஊத மாட்டா. நான் கேக்கறேன்."

வெர்னா விளக்கினாள். வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை. விடுமுறை நாளிலும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிக் குழாய். ஊதுபவர் சம்மதித்தால்தான் குறித்த அளவு எதுவும் வெளியே போகும்.

ஆலை வாசலுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம், யூனிஸ் காரை நிறுத்தி உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்து வருபவர்களை மீன் சந்தைக்காரி மாதிரி கூப்பிட்டாள்.

"ஏய் ஹில்டா! புருஷன்கிட்ட கத்தறதுக்கு மட்டும் மூச்சு இருக்குல்ல? வா, இதுல ஊது!"

முதல் நாள் ஹில்டா மட்டும் வந்தாள். மறுநாள் மேலும் இருவர். பிறகு தொட்டிக்காரர்களும் வந்தார்கள், யார் குழாய் அதிகம் காட்டுகிறது என்று பந்தயம் கட்டிக்கொண்டு. கார்ல் தன் ஜன்னலில் நின்று பார்த்தார். சாலை அவருடையதல்ல. விரட்டவும் முடியாது. ஒரு நாள் அவரே கடந்து வந்தார். காரைச் சுற்றி நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"எனக்கும் ஒண்ணு குடு" என்றார்.

"உனக்கு எதுக்கு? நீ மாடில உக்காந்து காகிதம் தின்னறவன்."

"குடு யூனிஸ்."

அவர் ஊதினார். முள் பாதியிலேயே நின்றுவிட்டது, யூனிஸ் குழாயை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

ஜூலையில் பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. வெர்னாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சிக்கு லாப்ரடார் இரும்புச் சுரங்கம் ஒன்றில் இடம் பார்த்துத் தந்திருந்தார்கள். கார்ல் கடைசிவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை, தலைமை அலுவலகம் சம்மதிக்கவில்லை என்றார். ஆனால் அடுத்த சீசனுக்கு முன் தொட்டிகளுக்கு மேல் ஆவி உறிஞ்சும் பெரிய தகரக் குழாய்கள் ஏறின. யார் சொல்லி ஏறின என்று யாரும் கேட்கவில்லை.

நிபுணரின் அறிக்கையோடு யூனிஸ் போட்ட நஷ்டஈட்டு மனுவை வாரியம் ஏற்றுக்கொண்டது. அவள் நெடுஞ்சாலையோரப் பொரித்த மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நண்டு வடை பொரிக்கும் நாளில் மட்டும் அவளுக்கு விடுப்பு. நல்ல வேலைதான், ஆனால் மேசைக்கு எதிரே ஹில்டா இல்லை, பேச ஆளில்லை என்று வெர்னாவிடம் குறை சொல்வாள். வெர்னா சுரங்கத்துக்குக் கிளம்பிய காலையில் பெட்டியைத் தன் வண்டியில் ஏற்றியவள் அவள்தான்.

"அங்க போயும் ஊர் வம்பை விலைக்கு வாங்காத" என்றாள்.

"வாங்காம வருவேனா?"

"வர மாட்ட. தெரியும்" என்று சொல்லி, யூனிஸ் வண்டியைக் கிளப்பினாள்.